மூன்றாவது சாக்பீஸ் துண்டு

என் தையல் டப்பாவில், ஊசிக்கும் நூல்கண்டுக்கும் நடுவே, ஒரு துண்டு நீல சாக்பீஸ் கிடக்கிறது. சுண்டுவிரலில் பாதி நீளம். ஒரு முனை வழவழப்பு, மறுமுனை ஒடித்த இடம், சொரசொரப்பு. எந்த முனையும் தேயவில்லை. வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் கேட்டால் வேறு எதையாவது கொடுத்து அனுப்பிவிடுவேன். இது ஒருத்திக்கென்று ஒடித்த துண்டு. அவள் கைக்குப் போய்ச் சேரவில்லை.

எண்பதுகளின் நடுவில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் சீசனுக்குச் சீசன் வேலை செய்தேன். நாங்கள் மாங்கா கம்பெனி என்போம். பழத்தைத் தரம் பிரிக்கும் கொட்டகையில் நாற்பது பெண்கள், எட்டு மேசை. பிரித்த பழத்தை மேசை எண் எழுதிய மரப்பெட்டியில் நிரப்பி, கொட்டகையைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரியம்மா முன்னால் வைப்போம். அவர் பெட்டிக்கு நாலு பழம் எடுத்துக் காம்புப் பக்கம் மூக்கை வைப்பார். சரியென்றால் பெட்டிமேல் நீலக் கோடு. கோடு இல்லாத பெட்டியை மெஷின்காரர் தொடமாட்டார். பெங்களூரா ரகப் பழம் வெளியே தங்கமாக இருந்துகொண்டே உள்ளே புளித்துக் கிடக்கும். அப்படி ஒரு பெட்டி போனால் கூழ் காய்ச்சுகிற கொப்பரை முழுக்க வீண். “காம்பைக் கேளுடி, தோலைக் கேக்காத” என்பது மேஸ்திரியம்மா எங்களுக்கு நாளெல்லாம் சொன்னது. அவருக்குக் கோபம் வந்தால் தெலுங்கு, பெட்டி எண்ணும்போது கன்னடம், எங்களைக் கொஞ்சும்போது தமிழ். மூன்றும் ஒரு மணி நேரத்துக்குள் வந்துபோகும்.

மூன்றாம் மேசையில் ஊத்தங்கரைப் பக்கத்து அக்கா ஒருத்தி இருந்தாள். புருஷன் இல்லை, ஒரு பெண் குழந்தை, அண்ணன் வீட்டில் ஒதுங்கியிருந்தாள். சீசன் வேலைதான் அந்த வீட்டில் அவளுக்குப் பேச வாய் கொடுத்தது. இங்கே அந்த வாய் ஓயாது. “அம்மா மூக்குக்கு ஆயுத பூசை அன்னிக்கு ஒரு மாலை போடணும்டி, மெஷினுக்குப் போடறாங்க இல்ல” என்பாள். மேஸ்திரியம்மா பழத்தால் அடிக்கிற மாதிரி கையை ஓங்குவார். கொட்டகையே சிரிக்கும்.

அந்த வருஷம் சீசனுக்கு முன்னால் மேஸ்திரியம்மா விஷக் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்திருந்தார். வேலை தொடங்கி இரண்டாம் வாரம். காலையில் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாங்கி, அந்தப் பையிலேயே சோற்றையும் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மத்தியானம் தூக்கைத் திறந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். சோறு முழுக்க மண்ணெண்ணெய் வாடை. கொட்டப் போனபோது அந்தப் பக்கமாக வந்த மேஸ்திரியம்மா, வழக்கம்போல ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, “நல்லாத்தான இருக்குது, எதுக்குக் கொட்டற?” என்றார்.

அவருக்கு வாசனை போய்விட்டது என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. நாற்பது பேரும் நம்பி நிற்கிற மூக்கு அது. அதில் குறை சொல்ல நான் யார் என்று நினைத்துக்கொண்டேன். மரியாதை என்று அதற்குப் பேர் வைத்துக்கொண்டேன். பயம்தான்.

அடுத்த வாரமே மேனேஜர் ஒரு டம்ளர் கூழோடு கொட்டகைக்கு வந்தார். கொப்பரை புளித்துவிட்டது. அதற்குப் போன பெட்டிகள் எல்லாம் மூன்றாம் மேசையுடையவை, அன்றைக்கு அந்த மேசையில் பெட்டி நிரப்பியது அக்கா.

“நான் பிரிச்சது வாஸ்தவம்ங்க. அம்மா மோந்து பாத்துதான கோடு போட்டாங்க” என்றாள் அக்கா.

மேனேஜர் சிரித்தார். “அவங்க மூக்கு தப்பா சொல்லுச்சா? இத்தனை வருசமா சொல்லாதது? கோடு போட்டப்புறம் நீதான் எதையோ கொட்டியிருக்கற.”

அக்கா மேஸ்திரியம்மாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் விரலிடுக்கில் இருந்த சாக்பீஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, “கோடு போட்டவங்களே சும்மா நின்னா, நான் என்னாத்த பேசறது” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தாள். துவைத்து உலர்த்திய புடவையை மடிப்பதுபோல, ஓரம் பார்த்து மடித்தாள். தூக்கை எடுத்துக்கொண்டு வெயிலில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துபோனாள்.

மூன்று நாள் மேஸ்திரியம்மா யாரையும் திட்டவில்லை. நாலாம் நாள் காலை, மெஷின் ஓடுவதற்கு முன்னால், ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றார்.

“எனக்கு வாசனை தெரியலம்மா. காய்ச்சல்ல போனது, திரும்பி வரல. வந்துரும் வந்துரும்னு கண்ணால பாத்தே கோடு போட்டுனு இருந்தன். அந்தப் பெட்டிங்களும் அப்படித்தான். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. மேனேஜர்கிட்டயும் இப்பதான் சொல்லிட்டு வரன்.” இறங்கத் தெரியாமல் பெட்டிமேலேயே நின்றார்.

பிறகு ஆறாம் மேசைக் கிழவி, “எனக்கு ரெண்டு வருசமா இடது கண்ணு தெரியலம்மா. கையால தடவித்தான் பிரிக்கறன்” என்றாள். இன்னொருத்தி, பெட்டி எண் எழுதத் தெரியாமல் பக்கத்துப் பெட்டியைப் பார்த்து வரைவதாகச் சொன்னாள். “இத்தன பேரு இந்த லட்சணத்துலதான் நம்ம கூழு கப்பல் ஏறுதா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கொட்டகை சிரித்தது. மேஸ்திரியம்மாவும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அன்றிலிருந்து கண் தெரியாதவள் பக்கத்தில் கண் தெரிந்தவள் நின்றாள். தெரியாததைக் கேட்க யாரும் கூசவில்லை. அந்தச் சீசனில் அதற்குப் பிறகு ஒரு கொப்பரைகூடக் கெடவில்லை.

வாய் திறக்காதவள் நான் ஒருத்திதான்.

அன்றே ஒரு புது சாக்பீஸை எடுத்து மூன்றாக ஒடித்தார் மேஸ்திரியம்மா. நடுத்துண்டை என்னிடம் கொடுத்தார். “நீ மோந்து பாத்துக் கோடு போடு. நான் அழுத்திப் பாத்து அது மேல குறுக்குக் கோடு போடறன். ரெண்டும் இருந்தாத்தான் பெட்டி போவணும்.” மூன்றாவதைத் தன் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். அது அக்காவுக்கு. அவள் வந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் ஒப்புக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் ஊத்தங்கரை பஸ் ஏறினோம். அங்கிருந்து மூன்று மைல் நடை. அண்ணன்காரர் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. “கம்பெனில தொரத்திட்டாங்கன்னு ஊர் பூரா பேச்சு. நானும் ரெண்டு வார்த்த கேட்டுட்டன். கொழந்தைய தூக்கினு பெங்களூரு பக்கம் கட்டட வேலைக்குப் போறன்னு போயிட்டா. எந்த எடம்னு சொல்லல” என்றார். என்றைக்குப் போனாள் என்று மேஸ்திரியம்மா கேட்டார். “வியாழக்கெழம காலைல.”

வியாழக்கிழமை காலைதான் இவர் பெட்டிமேல் ஏறி நின்றது.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, “ஒரு நாளு. ஒரே ஒரு நாளு முன்னாடி வாய் தொறந்திருந்தா” என்றார். எனக்கும் தெரியும் அம்மா, அன்றைக்கு மண்ணெண்ணெய்ச் சோறு தின்றீர்களே, அப்போதே தெரியும் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அந்தப் பாரத்தில் பாதி என் மடிக்கு வந்திருக்கும். பர்கூர் வந்தது, கிருஷ்ணகிரி வந்தது, இறங்கிவிட்டோம். அதற்குப் பிறகு ஏழெட்டு சீசன் பக்கத்தில் பக்கத்தில் நின்று கோடு போட்டோம். அவர் கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோது சுருக்குப் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து, “அவ வந்தா குடு” என்றார். அப்போதும் நான் தலையை மட்டும்தான் ஆட்டினேன்.

அவருக்குப் பிறகு நான் மேஸ்திரி ஆனேன். ஒவ்வொரு சீசன் முதல் நாளும் பெட்டியைக் கவிழ்த்து ஏறி நின்று, எனக்கு என்னென்ன வராது என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். கணக்கு வராது, வலது காது மந்தம் என்பேன். புதிதாக வந்த பெண்கள் சிரிப்பார்கள். மத்தியானத்துக்குள் ஒவ்வொருத்தியாக வந்து தன்னுடையதைச் சொல்வார்கள். என் பட்டியலில் அந்த மண்ணெண்ணெய்ச் சோறு மட்டும் ஒரு வருஷமும் வந்ததில்லை.

இப்போது அந்தக் கொட்டகையில் பெண்கள் கொஞ்சம் பேர்தான். நானும் வேலையை விட்டாயிற்று. ஊத்தங்கரை என்று பலகை வைத்த பஸ் நின்றால், ஜன்னல் ஜன்னலாக முகம் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. அவளுக்கு என்னைவிடக் கூடவே வயது ஆகியிருக்கும். பார்த்தாலும் அடையாளம் தெரியுமோ என்னவோ. இதை எழுத உட்காருவதற்கு முன்னால் தையல் டப்பாவைத் திறந்து அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். விரலில் கொஞ்சம் நீலம் ஒட்டியது. துடைக்கவில்லை.