தூண்டிலில் சிக்கிய பறவை

காலையில் தெம்பனிஸ் வீட்டிலிருந்து சைக்கிளில் கடற்கரைப் படகுத்துறைக்குப் போகும்போதெல்லாம் அங்கே மீன்பிடிக்கும் ஓர் அம்மாவைப் பார்ப்பேன். பூப்போட்ட தலைத்துணி, ஆண்கள் போடும் பெரிய ஷூ, கையில் தூண்டில். ஒவ்வொரு முறை தூண்டிலை வீசும் முன்பும் வானத்தை அண்ணாந்து பார்ப்பார்.

"கழுகு சுத்துனா கீழ மீன் இருக்கும், தம்பி," என்று ஒருமுறை சொன்னார்.

அன்று கடற்கழுகு ஒன்று வட்டமிட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று தூண்டில் வில்லாக வளைந்தது. வெகுநேரம் போராடி அவர் படியோரத் தண்ணீருக்கு இழுத்து வந்தது ஒரு கழுகுத் திருக்கை மீன். கரிய முதுகெங்கும் வெள்ளைப் புள்ளிகள். அலகுபோல் நீண்ட முகம். இருபுறமும் சிறகுபோல் விரிந்த துடுப்புகள்.

"மிளகாய்ச் சம்பல் தடவிச் சுட்டா வீடே சாப்பிடலாம், ஆன்ட்டி," என்றேன்.

அவர் மேலே பார்த்தார், பிறகு கீழே பார்த்தார்.

"மேல உள்ளது றெக்கைய அசைக்கவே இல்ல, காத்துல சும்மா மிதக்குது. கீழ உள்ளதுதான் றெக்கை அடிச்சுப் பறக்குது லா. இதுல எது பறவை, நீங்களே சொல்லுங்க."

தூண்டிலை என்னிடம் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கினார். வால் முள்ளுக்கு எட்டாமல் குனிந்து, வாயருகே தூண்டில் நரம்பைக் கத்தியால் அறுத்தார். என் கையிலிருந்த கனம் சட்டென்று போய்விட்டது. திருக்கை இரு சிறகையும் உயர்த்தி, ஒரே வீச்சில் ஆழத்துக்குள் பறந்தது.

"வீட்டுல என்ன சொல்வீங்க?" என்று கேட்டேன்.

"பறவை சிக்குச்சு, பறக்க விட்டுட்டேன்னு சொல்வேன். யாரு நம்பப்போறா?"

அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் நான் நம்புகிறேன்.