வெளி மாநில ரிக் வண்டிக்கு ஒரு பில்ட்

குழந்தை பிறந்து பத்து மாதம் கழித்து நான் வேலைக்குத் திரும்பியபோது முதலில் என் கைக்கு வந்தது புது பில்ட் கருவி. நாங்கள் எழுதும் நூற்றுக்கணக்கான கோப்புகளைச் சரிபார்த்து, ஒன்றாக இணைத்து, ஓடக்கூடிய ஒரு நிரலாகத் தருவது அதுதான். திருச்செங்கோட்டில் உள்ள எங்கள் சிறிய அலுவலகம் போர்வெல் ரிக் வண்டிகளுக்கு மென்பொருள் செய்கிறது. துளைக்குள் எத்தனை ராடு இறங்கியது, எத்தனை அடி ஆழம் என்பதை வண்டியில் உள்ள கணினிப் பெட்டி காட்டும்.

"பழைய கோப்பு எல்லாத்தையும் நிரல்மொழியோட தர விதிப்படி மாத்திருங்க," என்றார் மேலாளர். விதிக்கு வெளியே எழுதிய பழைய வரிகளைப் புதுக் கருவி ஏற்காது. மூன்று வாரம் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். கடைசிப் பிழையும் மறைந்த அன்று எழுந்து நின்று கைதட்டினேன்.

மறுநாள் காலை குழந்தைக்கு ராகிக் கூழ் ஊட்டும்போதுதான் உறைத்தது. ரிக் வண்டிகள் மழைக்காலத்தில்தான் ஊர் திரும்பும்; பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதியது வைப்பதும் அப்போதுதான். இப்போது எல்லாம் வெளி மாநிலங்களில், பழைய பெட்டிகளோடு ஓடிக்கொண்டிருக்கின்றன. புதுக் கருவி தரும் நிரல் அவற்றில் திறக்கவே திறக்காது. இதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டாமா?

வீட்டிலிருந்தே மேலாளரை அழைத்துச் சொன்னேன்.

"அப்ப விதிய விட்டுறலாங்களா?" என்றார்.

"வேண்டாங்க. எழுதறது விதிப்படியே இருக்கட்டும். கடைசியில இணைக்கறப்ப மட்டும் பழைய பெட்டியில இருக்கற துணை நிரல்களோட இணைச்சுப் பாக்கறேன்."

அன்று வீட்டில் இருந்தபடியே கருவிக்கு நான்கு வரிக் கட்டளை சேர்த்தேன். ஆனால் சோதித்துப் பார்க்க அலுவலகத்தில் ஒரு பழைய பெட்டிகூட இல்லை.

சத்தீஸ்கரில் அடுத்த பாயிண்ட்டில் துளை போடத் தயாராக நின்ற ஒரு வண்டியின் ஆபரேட்டரைப் போனில் பிடித்தேன். நிரலை அனுப்பினேன்; அவர் அதைப் பென்டிரைவில் ஏற்றிப் பெட்டியில் செருகினார். அது ஓடாவிட்டால் அவர் வேலை நிற்கும். என் மூன்று வார உழைப்பும் அங்கேயே நிற்கும்.

"பழையதக் காப்பி எடுத்து வெச்சுட்டீங்களாண்ணா?"

"வெச்சாச்சுங்க அம்மிணி. நீங்க கேக்கறது இது நாலாவது தடவ."

"திரை வந்துச்சுங்களா?"

"கருப்பாத்தான் இருக்குது."

நான் அந்த நான்கு வரிகளை மறுபடி திறந்து பார்த்தேன். துணை நிரல்களின் வரிசையை மாற்றிக் கொடுத்துவிட்டேனோ?

"அட, இருங்க. இந்தப் பொட்டி எம்பட மச்சானாட்ட. எழுப்புனா உடனே எந்திரிக்காது."

போனில் அவருக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். கம்ப்ரஸர் உறுமத் தொடங்கியது.

"வந்துருச்சுங்க! ராடு எறக்கறோம்... ஒண்ணு. ஒண்ணுன்னு காட்டுது. ரெண்டு... ரெண்டேதானுங்க!"

நான் கத்திய கத்தலில் மடியிலிருந்த குழந்தை மிரண்டு என் முகத்தைப் பார்த்தது. பிறகு அதுவும் என்னோடு சேர்ந்து வீறிட்டுச் சிரித்தது.

ஏழாவது ராடு வரை அவரைப் போனை வைக்க விடவில்லை. எட்டாவதில் அவரே கூவினார்: "தண்ணி வந்துருச்சுங்க அம்மிணி! இனி ஒண்ணுமே காதுல உழுகாது, வெக்கறேன்!"

நான் குழந்தையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, மற்ற வண்டிகளுக்கும் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.