வானத்துக் கீச்சுக்கு நான் நட்ட கம்பம்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை முடித்தவன் நான். டவுணில் ஓலைக் கொட்டகையில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டேன். ஆம்ப்ளிபயரை என் கையாலேயே கட்டினேன். சீவலப்பேரியிலிருந்து மலைத்தோட்டம் வரை, கோயில் கொடைத் திருவிழாவுக்கு என் குழாய் ஒலிபெருக்கி கட்டாத ஊர் கிடையாது. வெள்ளத்தில் கடை போயிற்று. மாடி வைத்துக் கட்டினேன்.

இன்று காலை மருமகள் போனில் ஒரு சத்தம் கேட்க வைத்தாள். விடியற்காலைக் குருவிக் கூட்டம் போலக் கீச்சு கீச்சென்று. பூமிக்கு வெகு தூரத்தில், பூமியின் காந்தம் எட்டும் வெளியில் தானாகப் பிறக்கும் ரேடியோ அலையாம். “புதுசா கண்டுபிடிச்சிருக்காவ மாமா” என்றாள். புதுசாம்! மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் அதைக் குழாயில் போட்டவனே நான்தான். கேட்டதும் ஈயம் பற்றவைக்கிற புகை வாசம் மூக்கில் ஏறிவிட்டது.

சில வருஷத்துக்கு முன்னால் ஆராய்ச்சி செய்யும் சார் ஒருவர் என்னைத் தேடி வந்தார். வானத்து அலையைப் பிடிக்க ஏரியல் கம்பம் நட வேண்டும். ஊருக்குள் கரண்டுக் கம்பியின் இரைச்சல் எல்லாவற்றையும் முழுங்கிவிடுகிறதாம். மலையில் நட்டேன். அங்கேயும் அதே ‘ம்ம்ம்’. தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகளில் விளக்கு எரிந்ததே!

“ஒரு காலை அமைதி கிடைச்சா போதும் அண்ணாச்சி. இல்லேன்னா இந்த வேலையையே நிறுத்திருவாங்க” என்றார் சார்.

லயனில் பேசியது யார்? நான்தான். கொழுந்து பறிக்கும் செல்லத்தாய் அங்கே பெரிய வாய்க்காரி.

“கொடைக்கு லைட்டு போடுத ஆளு, இப்ப அணைக்கச் சொல்லுதீயளே, கிறுக்கா அண்ணாச்சி?”

ஆனாலும் விடியுமுன் அவளே வீடு வீடாகப் போய் மெயினை அணைக்க வைத்தாள்.

இரைச்சல் நின்றது. தூரத்து மின்னல்கள் பொரிவது மட்டும் கேட்டது. சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், செயற்கைக்கோள் பிடித்த கீச்சொலியை லேப்டாப்பில் போட்டார். அந்த அலை நம் ஊர்ப் பக்கம் தரைக்கு இறங்கி வராதாம். குழாயில் போடாமல் எதையும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. பேட்டரி ஆம்ப்ளிபயரில் கோர்த்து லயன் பக்கம் திருப்பிவிட்டேன்.

மலையே கீச்சிட்டது. மரத்திலிருந்த நிஜக் குருவிகள் வாயடைத்துப் போயின.

“இது எந்தக் குருவி சார்?” என்றாள் செல்லத்தாய்.

“குருவியே இல்லம்மா. அங்க யாருமே கிடையாது. சூரியன் சீறினா இது கூடும். அப்போ செயற்கைக்கோளே செத்துப்போகலாம்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “ஆளில்லாத எடத்துச் சத்தத்தையா எங்க வீட்டுக்கு நேரா போடுதீய? நல்லதுக்கில்ல, நிறுத்துங்க அண்ணாச்சி.”

நான் சிரித்தேன்.

இப்போது லயனில் ஆள் இல்லை. தோட்டத்தை மூடியதும் எல்லோரும் மலையிறங்கிவிட்டார்கள். போன மாதம் வனத்துறையில் அனுமதி வாங்கிக் கம்பத்தைப் பார்க்கப் போனேன். கருவியை மாட்டிக் காதில் வைத்தேன். துளி இரைச்சல் இல்லை. சார் ஒரு காலைக்குக் கெஞ்சி வாங்கிய அமைதி, நாள் முழுக்கக் கிடந்தது. கொஞ்ச நேரத்துக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை.

சாரின் கட்டுரையில், ‘மனித இரைச்சல் இல்லாத மலைப்பகுதி’ என்று அச்சாகியிருக்கிறதாம். மருமகள்தான் படித்துச் சொன்னாள். இல்லாத பகுதியா? அணைத்தார்களய்யா! அதைத் திருத்த வேண்டும். கம்பம் நட்டவன் நான் என்று என் பெயரைப் போட வேண்டும். விளக்கை அணைத்தவர்கள் யார் யார் என்பதற்கும் என்னிடம்தான் வர வேண்டும். வீடு வீடாகச் சொல்லுவேன்.