நான் பார்க்காத வலது கை

அந்தக் கையை நான் பார்க்கவில்லை. பார்த்ததாக எழுதினேன். பிறகு கூண்டில் ஏறி, பார்த்ததாகச் சத்தியமும் செய்தேன்.

நான் பிரேதப் பரிசோதனை செய்யும் அரசு மருத்துவன். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் யாராவது வேலையில் இறந்தால், உடல் எங்கள் பிணவறைக்குத்தான் வரும். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சட்டப்படி உடலை அறுத்துப் பார்க்க வேண்டியவன் நான். ஆனால் கத்தியைப் பிடிப்பவர் உதவியாளர் தேவராஜ். நான் வாசலருகே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பேன். அவர் சொல்லச் சொல்ல எழுதுவேன். பல ஆண்டுகள் அப்படித்தான்... யாரும் கேட்டதில்லை.

குமரவேல் படப்பைக்காரர், இளம் வயது. ஷிஃப்ட் நடுவே லைனில் சுருண்டு விழுந்தார் என்று போலீஸ் தாளில் இருந்தது. அன்று அவருக்கு முன்னால் மூன்று உடல்கள். எனக்குப் பசி வேறு. பசி! இதைச் சொல்லவே நாக்கூசுகிறது.

தேவராஜ் உள்ளேயிருந்து கூப்பிட்டார். "சார், வலது உள்ளங்கைல தீஞ்சாப்ல ஒரு புள்ளி கீது. ஒரு தபா வந்து பாத்துடுங்க."

இந்தப் பக்கத்தில் ஃபேக்டரிக்குப் போகிற எவன் கையில்தான் தழும்பு இல்லை, வெல்டிங் பொறி பட்டிருக்கும், விடப்பா என்றேன். இதயத்தை மட்டும் தட்டில் வாங்கிப் பார்த்தேன். குழாயில் கொஞ்சம் அடைப்பு. அது போதும் என்று தோன்றியது. மாரடைப்பு என்று எழுதினேன். கைகளில் காயமில்லை என்றும் எழுதினேன்.

குமரவேல் வெல்டரே இல்லை. பெட்டியில் உதிரிபாகம் அடுக்குகிற வேலை. பக்கத்திலிருக்கிற மெஷினைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று இரண்டு நாள் முன்பே வீட்டில் சொல்லியிருக்கிறார். உடலைக் குளிப்பாட்டும்போது மனைவி அமுதா அந்தக் கரும்புள்ளியைப் பார்த்திருக்கிறாள். மின்சாரம் பாய்ந்த இடம் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அவளுக்கு அர்த்தம் புரிவதற்குள் தகனம் முடிந்துவிட்டது.

இயற்கை மரணம்தானே என்று என் அறிக்கையைக் காட்டி, இழப்பீடு கிடையாது என்றது நிறுவனம். அவள் என்மேலேயே வழக்குப் போட்டாள். என் கவனக்குறைவுதான் தன் பிள்ளைகளின் சோற்றில் மண்ணைப் போட்டது, அதற்கு நான் பொறுப்பேற்க வேண்டும் என்றாள். அத்தனையும் உண்மை!

கூண்டில் நின்றபோது என்ன நினைத்தேன்? ஒன்றை ஒப்புக்கொண்டால், நான் தொடாமலே கையெழுத்திட்ட அத்தனை அறிக்கைகளும் சந்திக்கு வருமே... அது மட்டும்தான். தேவராஜ் பெயர் எந்தத் தாளிலும் கிடையாது. அதனால் அவரை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. இரு கைகளையும் நானே திருப்பிப் பார்த்தேன் என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. வழக்கு தள்ளுபடியானது.

வெளியே வராந்தாவில் அமுதா என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்...

"கோச்சிக்காதீங்க சார். அழுதுகினே குளிப்பாட்டுனேன், கண்ணு சரியா தெரிஞ்சிருக்காது. நீங்களே திருப்பிப் பாத்தேன்னு சொன்னப்புறந்தான் புரிஞ்சிது. உங்கள போயி கோர்ட்டுக்கு இழுத்துட்டேன்."

தன் கண்ணால் கண்டதை, என் வார்த்தையை நம்பி அவள் விட்டுக்கொடுத்தாள். அப்போதாவது வாய் திறந்திருக்கக் கூடாதா நான்?

"பரவால்லம்மா" என்றேன்.

நான் அவளை மன்னித்தேன்... நான்! படப்பை எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து அரைமணி நேரம்தான். இன்றுவரை அந்தப் பக்கம் நான் போகவில்லை.