நீலப் பையும் மழைக் கணக்கும்

போன வருடம் மாரி தொடங்கச் சற்று முன்பு, யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக நூலகத்தில் நடந்தது இது. நான் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். நாற்பதைத் தாண்டிய பிறகு, 'இவவுக்கு இனி என்னத்துக்குப் படிப்பு' என்று சொந்தக்காரர் முணுமுணுக்க, முதுமாணிப் படிப்பில் சேர்ந்தவள். வலிகாமத்துக் கிணறுகள் ஏன் உவராகின்றன என்பதுதான் ஆய்வு. அதற்குப் பழைய மழைவீழ்ச்சிக் கணக்குகள் வேண்டும். அவை இருந்ததோ ஒரே ஒரு தடித்த தொகுதியில். தொட்டால் உதிரும் தாள். வெளியே கொண்டுபோக முடியாது, பிரதி எடுக்க முடியாது, படம் பிடிக்கவும் விடமாட்டார்கள். அங்கேயே இருந்து கையால்தான் எழுத வேண்டும்.

லீவு கிடைத்த நாளெல்லாம் போய் எழுதினேன். அன்று கடைசி நாள். மறுநாள் அந்தத் தொகுதியைப் புதிதாக அட்டை போட்டுக் கட்டுவதற்கு அனுப்பப் போகிறார்கள், எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. ஆய்வேடு கொடுக்க வேண்டியதோ அடுத்த மாதம்.

மத்தியானம் தேத்தண்ணி குடிக்கலாம் என்று எழும்பினேன். தொகுதியை மேசையில் விரித்தபடி விட்டுவிட்டு, நான் எழுதிவந்த கொப்பியை மட்டும் கொண்டுவந்து வாசல் தட்டில் இருந்த என் பைக்குள் வைத்தேன். உள்ளே பை கொண்டுபோக முடியாது, எல்லாருடைய பையும் அந்தத் தட்டில்தான் இருக்கும். கன்ரீனுக்குப் போய் ஒரு வடையும் கடித்துவிட்டு, ஆடி அசைந்து வந்து பையைத் திறந்தால் கொப்பியைக் காணவில்லை. பார்த்தால், பையே என்னுடையது இல்லை!

ஆய்வு மாநாடு ஒன்றுக்கு வந்த எல்லாருக்கும் ஒரே மாதிரி நீலப் பை கொடுத்திருந்தார்கள். சும்மா கிடைத்த பையை யார் விடுவார்? நூலகத்துக்கு வருகிற பாதிப் பேரின் தோளில் அதுதான் தொங்கும். மாதக்கணக்கில் எழுதியதெல்லாம் அந்த ஒரு கொப்பியில். அதைப் படம் எடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்காதீர்கள், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கிற ஆள் நான்.

"கண் என்ன பிடரியிலையோ இருக்கு உதுகளுக்கு!" என்று நான் வாசலிலேயே கத்த, கவுண்டரில் இருந்த உத்தியோகத்தர் ஓடிவந்தா. "ஆறுதலாய் இருங்கோ ரீச்சர்" என்று அவ சொல்லி முடிக்கவில்லை, அந்தப் பைக்குள் ஒரு போன் அடித்தது. திரையில் 'அம்மா' என்று இருந்தது. எடுத்தேன்.

"பிள்ளை, ஊசி மருந்து வாங்கிப்போட்டியோ? காலமையோடை முடிஞ்சுது. கெதியா வா, தலை ஒரு மாதிரிச் சுத்துது."

பையைக் கிளறினேன். சின்னப் பிளாஸ்க் ஒன்றில், கரைந்துகொண்டிருந்த ஐஸுக்குள் இன்சுலின். விசயத்தைச் சொன்னதும், "ஐயோ, அப்ப என்ரை பிள்ளை எங்கை?" என்று அந்த அம்மா பதறிப் போனா. மகள் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பா என்று சமாளித்து, வீடு எங்கே என்று கேட்டேன். கொடிகாமம், சந்தைக்குப் பின்பக்கம்.

உள்ளே என் மேசையில் தொகுதி விரித்தபடி கிடந்தது. கொப்பி போனால் போகட்டும், மிச்ச வருடங்களையாவது வேறு தாளில் எழுதலாம். கொடிகாமம் போய் வருவதற்குள் நூலகம் பூட்டிவிடும், அதுவும் இல்லை. சத்தியமாய்ச் சொல்கிறேன், மேசைப் பக்கம்தான் ஓர் அடி எடுத்து வைத்தேன். ஆனால் அந்தக் குரல் காதைவிட்டுப் போகவில்லை. கையில் இருந்த பேர்ஸிலிருந்து ஸ்கூட்டியின் திறப்பை எடுத்தேன்.

"நீங்கள் போயிட்டு வாங்கோ" என்றா கவுண்டரில் இருந்தவ. "உங்கடை பையோடை அவ வந்தா நான் பிடிச்சு இருத்தி வைக்கிறன்."

வழி முழுக்க அந்த முகம் தெரியாதவளைத் திட்டிக்கொண்டே போனேன். வீட்டு வாசல் படலையடியில் அந்த அம்மா வெயிலுக்குள் நின்றா. ஊசியைப் போட்டு, சாப்பிட்டு, முகம் தெளிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. "சாப்பிடாமல் போகேலாது" என்று எனக்கும் சோற்றைப் போட்டா. அப்போது பைக்குள் இருந்த அதே போன் அடித்தது. மகள்தான், நூலகப் போனிலிருந்து.

"அக்கா, சாவகச்சேரியிலைதான் பையைத் திறந்து பாத்தன். உடனை இறங்கித் திரும்பி வந்திட்டன். அம்மா எப்பிடி?"

"ஊசி போட்டாச்சு. இப்ப எனக்குக் கொண்டுபோக முருங்கைக்காய் கட்டுறா."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "விசர்ப் பிள்ளை, அழாதையும். வாறன்" என்று மட்டும் சொன்னேன்.

திரும்பி வந்தபோது நூலகம் பூட்டுகிற நேரம். என் கதிரையில் ஒருத்தி குனிந்திருந்து எழுதிக்கொண்டிருந்தாள். முன்னால் அந்தத் தொகுதி. கையில் என் கொப்பி. நான் விட்ட இடத்திலிருந்து, மாதம் மாதமாக, கோடு போட்டு, கடைசி வருடம்வரை எழுதி முடித்திருந்தாள்!

"குறை நினைக்காதேங்கோ அக்கா, இது நாளைக்குப் போகுது எண்டு கவுண்டரிலை இருக்கிறவ சொன்னவ, அதுதான் கேக்காமல் எழுதிப்போட்டன். என்னாலை எல்லோ உங்கடை பின்னேரம் போச்சுது" என்று எழும்பி நின்றாள். பிறகு பென்சிலால் வட்டமிட்டிருந்த சில இடங்களைக் காட்டினாள். "இதுகள் மங்கலாய்க் கிடக்கு. பிழையாய் எழுதக் கூடாது எண்டு விட்டிட்டன். நீங்களே ஒருக்காப் பாருங்கோ."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வழி முழுக்க நான் திட்டித் தீர்த்தவள், அம்மாவுக்கு என்ன ஆச்சோ என்று தவித்தவள், என் ஆய்வில் ஒரு இலக்கம்கூடப் பிழைக்கக் கூடாது என்று பார்த்திருக்கிறாள். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்து அந்த வட்டங்களை நிரப்பினோம். கவுண்டரில் இருந்தவ மற்ற விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, எங்கள் மேசை விளக்கை மட்டும் விட்டிருந்தா. "முதல் வேலையாய் ரெண்டு பேரும் பையிலை பேரை எழுதுங்கோ" என்று சிரித்தா. "அம்மாவைப் போய்ப் பாரும்" என்று அவளைப் பஸ்ஸுக்குத் துரத்தினேன்.

பட்டம் கிடைத்தது, சான்றிதழில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வு என்பது தனியாளாய் இழுக்கிற தேர் என்று யாராவது சலித்துக்கொண்டால், நான் எழுதாத அந்தக் கடைசிப் பக்கங்கள்தான் எனக்கு நினைவில் வரும்.