இரண்டு மூட்டை அரிசியும் நான்கு பனிச்சக்கரங்களும்

கூரை இல்லாத காரை ஜூலை மாதத்தில் வாங்குகிறவனுக்கு நவம்பர் என்று ஒரு மாதம் இருப்பது ஞாபகம் வராது. எனக்கு வந்திருக்க வேண்டும். நான் ஊரிலிருந்து நேற்று வந்து இறங்கியவன் இல்லை. மாண்ட்ரியாலின் சில குளிர்காலங்களை பஸ் நிறுத்தத்தில் நின்றே கழித்தவன். மூக்கு இன்னும் முகத்தில்தான் இருக்கிறதா என்று கையுறையால் தொட்டுப் பார்த்துக்கொண்டவன். இருந்தும் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்ததும் எனக்குள் இருந்த என்ஜினீயர் எழுந்து வெளியே போய்விட்டார். இங்கிலாந்தில் செய்த பழைய வண்டி. மழைக்கு இழுத்து மூடிக்கொள்ள ஒரு கித்தான் இருந்தது, அதிலும் கிழிசல். எனக்குள் மிச்சம் இருந்த ஆள் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

நான் பாலங்களுக்கு எடை கணக்குப் போடுகிறவன். எத்தனை லாரி ஏறினால் எந்தத் தூண் தாங்கும் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் சிரிப்பதற்கு உங்களுக்கு வசதியாக இருக்கும்.

காரை, மாண்ட்ரியாலை ஒட்டிய ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தியதும் என் மனைவி அதை ஒருமுறை சுற்றி வந்தாள். அவள் டாக்டர், நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சியில் இருந்தாள். நோயாளியைப் பார்ப்பது போலவே பார்த்தாள்.

“நல்லா இருக்கு. ரெண்டு சீட்டுதானா?”

“நாம ரெண்டு பேர்தானே.”

“பிப்ரவரி வரைக்கும்,” என்றாள்.

எனக்குக் குழந்தை பிறக்கப்போகிற செய்தி இப்படித்தான் வந்து சேர்ந்தது. சந்தோஷத்தில் காரைச் சுற்றி நானும் ஒருமுறை ஓடினேன். பின்பக்கம் வந்தபோதுதான் பிப்ரவரி என்ற சொல் உறைத்தது.

அக்டோபரில் அவள் ஒரு ஒப்பந்தத்தை முன்வைத்தாள். “வலி எடுத்தா இதுல என்னைக் கொண்டுபோய்ச் சேத்துடுவீங்களா?”

“கண்டிப்பா.”

“சேத்துட்டா வண்டி இருக்கட்டும். குழந்தைய மடியில வெச்சுக்கறேன். இல்லைன்னா வித்துட்டு நாலு கதவு வண்டி. சரியா?”

சரி என்றேன். சிறு வயதிலிருந்து நான் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அது. மற்றதெல்லாம் படிப்பு, வேலை, அப்பாவுக்குப் பணம் என்று வரிசையில் தானாக வந்து நின்றவை. அந்தக் காரை வைத்துக்கொள்ள எதற்கும் சரி என்றிருப்பேன்.

அதன் சக்கரங்கள் சைக்கிள் சக்கரம் மாதிரி கம்பி வைத்தவை. நடுவில் ஒரே ஒரு பெரிய திருகு. சுத்தியலால் தட்டிக் கழற்ற வேண்டும். பார்க்க அழகு. ஆனால் மாண்ட்ரியாலில் பனி விழுந்தால் தெருவெல்லாம் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு ஒரே பருவத்தில் கம்பிகளைத் தின்றுவிடும். அதனால் குளிர்காலத்துக்கு வேறு இரும்புச் சக்கரம் வேண்டும். அந்த ஊரில் இருந்த எந்த இரும்புச் சக்கரமும் இந்தக் காரில் ஏறாது. புதிதாக வரவழைத்தால் என்ன விலை என்று ஒரு கடையில் கேட்டேன். கடைக்காரர் பதில் சொல்வதற்கு முன் எனக்கு ஒரு நாற்காலியை நகர்த்தினார்.

பக்கத்து ஊரான கர்க்லாண்டில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். எங்களுக்கு முன்னால் வந்தவர். அவருடைய ஸ்டேஷன் வேகன் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். அவரிடம் யோசனை கேட்டேன்.

“ஏம்ப்பா, தொப்பிக்கு ஏத்த தலை தேடி அலையறியே. வித்துத் தொலையேன்.”

“சார், சக்கரம் பத்தி மட்டும் சொல்லுங்க.”

“பழைய இரும்புக் கடைக்குப் போ. உன் வண்டிக்கு அங்க சொந்தக்காரங்க நிறைய இருப்பாங்க.”

இருந்தார்கள். நகரத்தின் கிழக்குக் கோடியில், செத்த கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த மைதானம். கடைக்காரர் பிரெஞ்சுக்காரர். என் பிரெஞ்சில் அப்போது போன்ஜூர் இருந்தது, மெர்சி இருந்தது, இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. கையால் வட்டம் வரைந்து காட்டினேன். அவர் சேற்றில் நடந்துபோய், என் காரைச் செய்த அதே கம்பெனியின் குடும்பக் கார் ஒன்றைக் காட்டினார். முகம் முழுக்க நசுங்கியிருந்தது. பின்சக்கரங்கள் இரண்டும் நன்றாக இருந்தன: கறுப்பு இரும்பு, சாதாரண போல்ட்டு, ரொம்ப ஒல்லி. சக்கரம் மாட்டும் நடுப்பாகத்தையும் சேர்த்துக் கழற்றினால் என் காரில் ஏறிவிடும்.

எனக்கு அகலமான டயர் வேண்டும் என்று ஆசை. ஒல்லி டயர்தான் பனியை அறுத்துக்கொண்டு கீழே போகும், அகலமானது மேலே மிதக்கும் என்று கேட்டவர் எல்லாம் சொன்னார்கள். அதனால் ஒல்லியையே வாங்கினேன். பின்பக்கம் இரண்டுக்கு மட்டும்தான். என்ஜின் தள்ளுவது பின்சக்கரங்களை என்பதால் அந்தக் காலத்தில் நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள். டயர் ரீட்ரெட். தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டியது. அதில் எனக்குப் பயமே இல்லை. மதராஸில் நான் ஏறிய பஸ்ஸெல்லாம் ரீட்ரெட்டில்தான் ஓடியிருக்கும். அந்த பஸ்ஸின் படிக்கட்டில் ஒரு காலால் தொங்கிக்கொண்டே பரீட்சைக்குப் போய் முதல் வகுப்பு வாங்கியவன் நான்.

ஜான்-டலோன் சந்தைக்குப் பின்னால் ஓர் இத்தாலியரின் பட்டறையில் சக்கரங்களை மாட்டினேன். அவர் காரின் வாலை ஒரு கையால் அமுக்கிப் பார்த்து, இது ரொம்ப லேசு, டிக்கியில் மணல் மூட்டை போடு, இல்லாவிட்டால் சக்கரம் சும்மா சுற்றும் என்றார். பேராசிரியரும் அதையேதான் சொல்லியிருந்தார்.

எல்லாவற்றுக்கும் காசு கொடுத்தாகிவிட்டது. மணலுக்குமா என்று மனசு கேட்டது. மணலை என்ன செய்வது, ஏப்ரலில் கொட்டுவதா. எதிரே சந்தையில் அரிசி மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தார்கள். எடை எடைதான். அரிசியானால் குளிர்காலம் முடிந்ததும் சாப்பிட்டுவிடலாம். இந்த யோசனை தோன்றியபோது நான் அடைந்த பெருமையை எந்தப் பாலம் கட்டி முடித்தபோதும் அடைந்ததில்லை. இரண்டு மூட்டை வாங்கிப் போட்டேன்.

மனைவியிடம் எடை என்று சொல்லவில்லை. இந்தக் கார் தானாகவே பனியில் போகும் என்று அவளிடம் அளந்துவிட்டிருந்தேன். முட்டுக் கொடுத்தால்தான் நிற்கும் என்று எப்படிச் சொல்வது. “மலிவா கிடைச்சுது. சமையல்கட்டுல எடம் இல்ல, டிக்கிலயே இருக்கட்டும்,” என்றேன்.

“பரவாயில்லையே. வீட்டு நெனப்புகூட இருக்கே,” என்றாள்.

டிசம்பர் முழுக்க கார் ஓடியது. கிழிசல் வழியாகப் பனி என் இடது காதில் விழுந்தது, ஹீட்டர் மூச்சு விடுவதோடு நிறுத்திக்கொண்டது, ஆனால் கார் ஓடியது. அலுவலகத்தில் கேட்காதவர்களுக்கும் ஒல்லி டயரின் மகிமையைச் சொல்லித் திரிந்தேன்.

மார்கழியில் கூடாது என்பதால் தை பிறக்கக் காத்திருந்து, ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு வைத்தார்கள். பேராசிரியரின் மனைவியை அக்கா என்று கூப்பிடுவோம், அவர் ஏற்பாடு. மாண்ட்ரியாலில் இருந்த தமிழர்கள் எல்லாரும், ஆட்டவாவிலிருந்து இரண்டு குடும்பமும், ஒரு பட்டாளம் மாணவர்களும் வந்தார்கள். ஆண்களுக்கு வீட்டுக்குள் வேலை இல்லை என்று என்னையும் பேராசிரியரையும் காலையிலேயே அவருடைய வேகனில் பூவும் பழமும் வாங்க விரட்டினார்கள். திரும்பி வந்தபோது புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர் சாதம் எல்லாம் அண்டா அண்டாவாகத் தயார். மனைவியின் இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். நான் புளியோதரையை வாங்கி வாங்கிச் சாப்பிட்டேன். அரிசி உதிரி உதிரியாக நன்றாக இருக்கிறது என்று பாராட்டவும் செய்தேன்.

அடுத்த வாரம் கார் ஆட ஆரம்பித்தது.

முதலில் லேசாக, திருப்பத்தில் வால் கொஞ்சம் வெளியே போய்த் திரும்பி வரும். பிறகு வராமல் இருக்க ஆரம்பித்தது. சிவப்பு விளக்கில் நின்றால் பச்சைக்குக் கிளம்பாது. சக்கரம் சுற்றும், கார் இருந்த இடத்திலேயே பக்கவாட்டில் நகரும். பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள், பிறகு இறங்கி வந்து தள்ளுவார்கள். தள்ளிவிட்டு என்னைப் பார்க்கிற பார்வையைத்தான் தாங்க முடியாது. அதில் கோபம் இருக்காது.

ரீட்ரெட் தேய்ந்துவிட்டது என்று நினைத்தேன். காற்றைக் குறைத்தேன், கூட்டினேன். இத்தாலியரிடம் போனேன், டயரில் கோளாறு இல்லை என்று தோளைக் குலுக்கினார். நம்பாமல் மறுபடி கிழக்குக் கோடிக்குப் போய், ஆணி பதித்த டயரோடு இன்னொரு ஜோடி சக்கரம் வாங்கிப் பக்கத்து இருக்கையில் போட்டுக் கொண்டுவந்தேன். முதல் ஜோடியைவிட மலிவு. அதில் ஒன்று கொஞ்சம் கோணல் என்பதைப் பிறகு கண்டுபிடித்தேன். ஆணி தெருவில் கடகடவென்று சத்தம் போட்டது. கார் முன்பு சத்தமில்லாமல் சறுக்கியது, இப்போது சத்தத்தோடு சறுக்கியது. இரண்டு சக்கரம் மாட்டுகிற இடத்துக்கு என்னிடம் நான்கு சக்கரங்கள். ஒன்றும் உதவவில்லை.

அந்த வாரங்களில் நான் ஜோக்கடிப்பதை நிறுத்தியிருந்தேன் என்று மனைவி பிறகு சொன்னாள். காலையில் எழுந்ததும் ஜன்னலுக்குப் போவேன். பனி விழுகிற சத்தம் கேட்காது, அதுதான் அதன் கொடுமை. நாம் தூங்கும்போது வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். திரும்பிப் பார்த்தால் அவள் வயிற்றோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குனிய முடியாமல் காலுறை மாட்டிக்கொண்டிருப்பாள். இவளை நான் கொண்டுபோய்ச் சேர்க்கப் போவதில்லை என்று தோன்றும். ஊரில் என்றால் தெருவில் இறங்கிக் கத்தினால் நாலு ரிக்‌ஷா வரும். இங்கே கத்தினால் வாயிலிருந்து புகைதான் வரும். வண்டியை மாற்றிவிடலாம் என்று சொல்ல ஒவ்வொரு காலையும் வாயைத் திறந்தேன். ஒவ்வொரு காலையும், “காபி இருக்கா?” என்று கேட்டு மூடினேன்.

வலி ஒரு வேலைநாள் காலையில் வந்தது. முந்தின நாளிலிருந்து பனி. அவள் தலை பின்னி, பையை எடுத்து வாசலில் வைத்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னாள். “கிளம்பலாம். பதறாதீங்க, மொதல் குழந்தை, நேரம் எடுக்கும்.”

தெருக்கோடி வரை போனோம். திருப்பத்தில் கார் தன் போக்கில் முழுசாகத் திரும்பி, வந்த வழியைப் பார்த்தபடி பனிக்குவியலில் பின்பக்கமாகப் போய் உட்கார்ந்தது. சக்கரம் சுற்றியது. ஆணிகள் பனியைத் துருவித் துருவிப் பின்னால் எறிந்தன. அப்போதுதான் அரிசி ஞாபகம் வந்தது. சக்கரத்துக்கு அடியில் அள்ளிப் போட்டால் பிடிக்கும். மூட்டை மூட்டையாகப் போட்டாலும் சரி. டிக்கியைத் திறந்தேன்.

இரண்டு காலிச் சாக்குகள் நேர்த்தியாக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

“அரிசி எங்க?” என்றேன் ஜன்னலுக்கு வந்து.

“எந்த அரிசி?”

“டிக்கில இருந்துதே, ரெண்டு மூட்டை.”

ஒரு வலி போகும்வரை அவள் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டாள். “ஒண்ணு வளைகாப்புக்கு ஆக்கியாச்சு. இன்னொண்ண அக்கா பசங்களுக்குப் பிரிச்சுக் குடுத்தாங்க, பாவம் ஹாஸ்டல்ல பட்டினி கிடக்கறாங்கன்னு. நீங்கதானே புளியோதரை நல்லா இருக்குன்னு அத்தன தடவை வாங்கினீங்க. இப்ப எதுக்கு அரிசி?”

சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அன்னிக்கே சொல்லியிருந்தா ஆக்கியிருக்க மாட்டேனே,” என்றாள். பிறகு கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள். “கையக் குடுங்க. இந்தப் பனில டாக்ஸி வராது. ஸ்டேஷன் பக்கந்தானே.”

ரொக்ஸ்பரோ ஸ்டேஷனுக்கு நடந்தோம். அவள் முன்னால், பையோடு நான் பின்னால். ரயிலில் அலுவலகக் கூட்டம். ஓர் அம்மாள் எழுந்து இடம் கொடுத்தாள். வலி வரும்போதெல்லாம் என் மனைவி இருக்கைக் கம்பியைப் பிடிப்பாள், வளையல்கள் எல்லாம் சேர்ந்து குலுங்கும், பத்திரிகை படிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிவார்கள். நகரத்து நடுவில் இருக்கிற மலைக்கு அடியில் சுரங்கத்துக்குள் ரயில் போனபோது ஜன்னல் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“வலி எனக்குத்தானே,” என்றாள் அவள். “மூஞ்சிய ஏன் இப்படி வெச்சுருக்கீங்க?”

மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம். சாயங்காலம் ரயிலில் தனியாகத் திரும்பி வந்தேன். தெருவைச் சுத்தம் செய்கிற வண்டி அள்ளிய பனியையெல்லாம் என் காரின் மேலேயே தள்ளிவிட்டுப் போயிருந்தது. கித்தான் உள்ளே விழுந்து, இரண்டு இருக்கைகளும் நிரம்பியிருந்தன. தோண்ட வேண்டும் என்று தோன்றவில்லை. பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அவள் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஏப்ரலில் நானாக அந்தப் பேச்சை எடுத்தபோது, “அவ்வளவு ஆசைன்னா வெச்சுக்கோங்க,” என்றாள். என் காரைத் தள்ளிவிட்டவர்களின் பார்வை அவள் கண்ணிலும் இருந்தது. அந்த வாரமே விற்றேன். வாங்கியவன் கம்பிச் சக்கரங்களைத் தடவித் தடவிப் பார்த்தான். பனிச்சக்கரங்கள் நான்கையும் சும்மா தருகிறேன் என்றேன். இது எதற்கு என்று சிரித்தான்.

வேறு யாருக்கும் அவை பொருந்தவில்லை. வீடு மாறியபோது எங்களோடு கர்க்லாண்டுக்கு வந்தன. நிலவறையில் இரண்டிரண்டாகப் படுத்துக் கிடக்கின்றன. தரையின் ஈரம் படக் கூடாது என்று என் மனைவி அவற்றின் மேல்தான் அரிசி மூட்டையை வைக்கிறாள்.