யாரும் இல்லாத தெருவில் வைரக்கண்ணு

பொம்மலாட்டக்காரர் வைரக்கண்ணு இறந்துபோனார் என்ற செய்தி நாற்பத்தெட்டாம் வருஷம் தை மாதத்தில் வந்தபோது, அம்மாக்கண்ணுவுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். பதினாறாம் நாள் காரியத்துக்கு வரதராஜன்பேட்டைக்குப் போய் வருவோம், நீயும் கிளம்பு என்று புருஷன் பிச்சைமுத்து சொன்னான். அவர் ஆட்டத்தைப் பார்த்துச் சிரிக்காத ஊர் அந்த வட்டாரத்தில் கிடையாது. போகாமல் இருந்தால்தான் நாலு பேர் கேட்பார்கள். ஆனால் அங்கே போய் உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்குமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. நாலு வருஷமாக ஒரு விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

அது யுத்த காலம். மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் சிற்றூரில், ஐப்பசியில் வைரக்கண்ணு பத்து நாள் ஆட்டம் போட வந்திருந்தார். நாலாம் நாள் ஊரில் வாந்திபேதி கண்டது. முதல் நாள் இரண்டு சாவு, மறுநாள் ஐந்து. அதற்குமேல் ஊர் தாங்கவில்லை. ஆடுமாடு, சட்டிபானை, பிள்ளைகுட்டி என்று கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வயல்காட்டுக் குடிசைகளுக்கும் வெளியூர் உறவுகளுக்கும் ஓடினார்கள். வைரக்கண்ணுவும் பொம்மைப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மனைவி ரத்தினம்மாளோடும் பிள்ளைகளோடும் புறப்பட்டுப் போனார்.

பிச்சைமுத்து புறப்படத்தான் இருந்தான். வண்டியில் மாட்டைப் பூட்டும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவனுடைய அண்ணன் பெரியசாமி தள்ளி நின்று பார்த்தான். வைத்தியரை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்த வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போனான். வைத்தியர் வரவில்லை. பேதி கண்டவனுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று ஊரில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்ததால், அவன் தண்ணீர் தண்ணீர் என்று முனகியபோதும் அவள் கொடுக்கவில்லை. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

இராத்திரியைக் காட்டிலும் மறுநாள் உச்சிப்பொழுதுதான் அவளைக் கலக்கியது. வெயில் பளீரென்று அடிக்கிறது. முப்பது வீட்டில் ஒன்றிலும் உலக்கைச் சத்தம் இல்லை, புகை இல்லை, கோழிகூட இல்லை. தன் மூச்சுச் சத்தமே யாரோ பக்கத்தில் நிற்பதுபோல் கேட்டது. அந்த அமைதியில்தான் எங்கோ பூட்டு உடைபடும் சத்தம் வந்தது. கதவு இடுக்கு வழியாகப் பார்த்தாள். முன்பின் பார்த்திராத இரண்டு பேர் வீடு வீடாக நுழைந்து பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையில் கடப்பாரை. இன்னும் மூன்று வீடு தாண்டினால் அவள் வீடு. தாழ்ப்பாள் போட்டு, முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு, அவள் அரிவாள்மனையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.  

அடுத்த வீட்டுக் கதவு உடைந்தபோது, எதிர்ச்சந்துக்குள்ளிருந்து ஒரு கட்டைக் குரல், வண்டிய இங்கயே நிறுத்துங்கடா என்று அதட்டியது. அதற்குப் பதில் சொல்லி இன்னொரு குரல். ஒரு கிழவி யாரையோ திட்டினாள். ஒருத்தன் இருமினான், இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள். ஊர்ஜனம் திரும்பிவிட்டது என்றே அம்மாக்கண்ணு நினைத்தாள். திருடர்களும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். சாக்கைப் போட்டுவிட்டுக் கொல்லை வழியாக ஓடினார்கள். பாயில் கிடந்த பிச்சைமுத்து கண்ணைத் திறக்காமலே, யார் யாரோ வருகிறார்களே என்று முனகினான்.

அவள் இடுக்கில் மறுபடி பார்த்தபோது தெருவில் ஒரே ஓர் ஆள்தான் நின்றான். தலையில் துண்டு, கையில் ஒரு மண்கலயம். வைரக்கண்ணு.

"கதவத் தொறக்க வேணாம் தங்கச்சி. நான் ஒருத்தன்தான். பயப்படாத," என்றார்.

ஓடி வந்தவர்கள் வழியில் பேசிக்கொண்டதிலிருந்து, ஒரு வீட்டில் மட்டும் ஆள் தங்கிவிட்டது அவருக்குத் தெரிந்திருக்கிறது. மனைவியையும் பிள்ளைகளையும் இரண்டு மைலுக்கு அப்பால் ஒரு புளியந்தோப்பில் நிறுத்திவிட்டு, தனியாக நடந்து திரும்பியிருந்தார். தண்ணீர் கொடுக்கவில்லை என்று அவள் சொன்னதும் அவர் முகம் மாறியது. தன் மூத்த பெண் இதே நோயில் தண்ணீர் கேட்டுக் கேட்டே செத்தாள் என்றும், கொதிக்கவைத்த தண்ணீரும் உப்புக் கஞ்சியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்திருக்கலாம் என்று அரியலூர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பிறகுதான் சொன்னார் என்றும் கதவுக்கு வெளியே நின்று சொன்னார்.

மூன்று நாள் அவர் எதிர்வீட்டு வேம்படியில் இருந்தார். கல்லைக் கூட்டிக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுத் தள்ளிப் போவார். பொழுது சாய்ந்து அவளுக்குப் பயம் ஏறும் நேரம் பார்த்து, அவர் பொம்மைகளுக்குப் பேசும் குரல்கள் அத்தனையும் தெருவில் எழும். தெரு முழுக்க ஜனம் இருப்பதுபோல் இருக்கும். ஆளைப் பார்க்காமல் கேட்டால் அவளுக்கே சந்தேகம் வந்துவிடும். நாலாம் நாள் விடியுமுன் பிச்சைமுத்து எழுந்து உட்கார்ந்தான். அன்று விடிந்ததும் அவர் கிளம்பினார்.

"நான் வந்தத யாருட்டயும் சொல்லிக்காத. யாரும் இல்லாத ஊர்ல அந்நிய ஆம்பள மூணு நாள் இருந்தான்னா ஒன்னய வாழ விடமாட்டாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது சரிதான் என்று பத்தே நாளில் தெரிந்தது. ஊர் திரும்பியதும் பெரியசாமியின் மனைவி சுந்தராம்பாள் முதலில் கேட்ட கேள்வியே, தண்ணீர் யார் கொண்டுவந்து கொடுத்தது என்பதுதான். யாருமில்லை என்றாள் அம்மாக்கண்ணு. பிச்சைமுத்து தான் கேட்ட குரல்களைச் சொன்னான். பிடாரிதான் தன் பரிவாரத்தோடு வந்து காவல் இருந்திருக்கிறாள் என்று ஊர் முடிவு செய்தது. அந்த வருஷம் முதல் ஐப்பசிதோறும் பிடாரிக்குப் பொங்கல். முதல் பானை அம்மாக்கண்ணுவுடையது. பானை பொங்கும்போதெல்லாம் அவள் கைகால் சில்லிட்டுப் போகும். ஊரிடம் சொன்ன பொய் ஒரு பக்கம், சாமியிடம் சொன்ன பொய் இன்னொரு பக்கம். வைரக்கண்ணு இரண்டு முறை ஊருக்கு ஆட்டம் போட வந்தார். அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

வரதராஜன்பேட்டையில் அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. காரியம் முடிந்து எழுந்து போக யாருக்கும் மனம் வரவில்லை. பார்வையில்லாத நல்லுசாமி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் பகலிலேயே தன்னை உட்காரவைத்து, பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கக் கொடுத்ததைச் சொன்னார். அதனால்தான் எந்த ராஜாவுக்கு மூக்கு உடைந்திருக்கிறது என்பது மற்ற யாரையும்விடத் தனக்கு நன்றாகத் தெரியும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். செட்டிகுளத்திலிருந்து வந்திருந்தவர், அரக்கன் பொம்மையைக் கண்டு அலறிய தன் மகளிடம் அவர் ஆட்டத்தை நிறுத்தி இறங்கி வந்து, மீசையைப் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொன்ன கதையைச் சொன்னார்.

அப்போது பெரியசாமி, நல்ல மனுஷன்தான், ஆனால் எங்கள் ஊரில் நோய் வந்த அன்றைக்கு அவரும் எங்களைப்போல ஓடினவர்தானே என்றான்.

ரத்தினம்மாள் தலை குனிந்தாள்.

அம்மாக்கண்ணு நிமிர்ந்து பார்த்தாள். புருஷன் ஆண்கள் பக்கத்தில், பத்தடி தூரத்தில் இருந்தான். அவள் எழுந்து நின்றாள்.

"அவரு ஓடல. திரும்பி வந்தாரு. மூணு நாளும் எங்க வூட்டுக்கு எதிர்ல இருந்தது அவருதான். எல்லாக் கொரலும் அவரு கொரல்தான்," என்றாள்.

 சுந்தராம்பாள் திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தாள். ரத்தினம்மாள்தான் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தோப்பில் பிள்ளைகளோடு நாலு நாள் தவித்ததையும், அவர் வந்த பிறகும் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று ஒரு வாரம் தனிமரத்தடியில் படுத்ததையும் சொன்னாள். அந்தப் பெண்ணுக்குக் கேடு வரும், வெளியே விடாதே என்று தன் வாயையும் கட்டிப்போட்டிருந்தாராம்.

திரும்பும் வழியெல்லாம் பிச்சைமுத்து பேசவில்லை. அம்மாக்கண்ணு வண்டியின் பின்புறம் உட்கார்ந்து, அவன் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். அம்மா வீட்டுக்குப் போகச் சொன்னால் எந்தத் துணியை எடுத்துக்கொள்வது என்றுகூட யோசித்துவிட்டாள். ஏரிக்கரையில் அவன் வண்டியை நிறுத்தினான்.

"கஞ்சி வச்சதும் அவருதானா?"

"ஆமாங்க."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்."

"பயமா இருந்துச்சு."

 அவன் கயிற்றை இழுத்துப் பிடித்து மாட்டை ஓட்டினான்.

ஊரில் பேசியவர்கள் பேசத்தான் செய்தார்கள். சுந்தராம்பாள் ஒரு வருஷம் அவளிடம் முகம் கொடுக்கவில்லை. தெருவில் இரண்டு பெண்கள் குரலைத் தாழ்த்தினால் அம்மாக்கண்ணுவுக்கு இப்போதும் நெஞ்சு படபடக்கும். ஆனால் அந்த வருஷம் பங்குனியிலேயே ரத்தினம்மாள் மகனை வைத்துக்கொண்டு மறுபடி ஆட்டம் தொடங்கியபோது, பெட்டிகளை ஏற்றிவர வரதராஜன்பேட்டைக்கு வண்டி ஓட்டிப் போனது பிச்சைமுத்துதான். யாரும் அவனைப் போகச் சொல்லிக் கேட்கவில்லை. விடியற்காலையில் அவனே மாட்டைப் பூட்டினான்.